உறையாத ரத்தமும் நான் மாற்றிய ஏழு துணிகளும்

போன மாதம் மூன்று இளம் நர்சுகள் சாந்தோமில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அவர்களுடைய நர்சுப் பள்ளி ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். "இப்பல்லாம் குழந்தை பிறந்ததும் தொடையில ஒரு வைட்டமின் ஊசி போட்டுடறோம் மேடம், ரத்தக் கசிவு வர்றதில்லை. உங்க காலத்துல அந்த ஊசி கிடையாதே, என்ன செஞ்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நான் காப்பி போட்டுக் கொடுத்து, எங்கள் பழைய மேட்ரனின் தொப்பி காற்றில் பறந்த கதையைச் சொல்லி, அவர்களைச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அது அன்றிலிருந்து மனசை அரித்ததால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் பெயர் ரோசாலி. அப்பா சாந்தோமில் பள்ளி வாத்தியார். எங்கள் வீட்டில் பெண்கள் படித்தால் டீச்சர், இல்லாவிட்டால் கன்னிகாஸ்திரீ. எனக்குக் குழந்தைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தரவும் பொறுமை இல்லை, மடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடியாது. நர்சுப் படிப்பில் சேர்ந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், மயிலாப்பூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று நடந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இருபது கட்டில், ஒரு பிரசவ அறை, பின்னால் ஒரு கிணறு. பெயர் வேண்டாம். அந்த ஆஸ்பத்திரி இன்று இல்லை.

பயிற்சியில் நான் கற்றுக்கொண்டதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: சுத்தம். விரிப்பில் சுருக்கம் இருந்தால் திட்டு. கட்டுத் துணியில் ஒரு பொட்டு ரத்தம் தெரிந்தால் அதைவிடப் பெரிய திட்டு. மணிக்கொரு தடவை மேட்ரன் சுற்றி வருவார். கறை பட்ட துணி நோயாளியின் மேல் இருந்தால் அந்த நர்சுக்கு வீடு சரியில்லை, வளர்ப்பு சரியில்லை என்று ஆரம்பித்துவிடுவார். கறையைப் பார்த்தால் என் கை தானாகவே அதை எடுக்கப் போகும். அந்தப் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை, சாப்பாட்டு மேஜையில் மருமகளோடு இதற்காகத்தான் சண்டை.

ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் கனகாம்பாள். மயிலாப்பூரில் பெரிய குடும்பம். பன்னிரண்டு வயதில் கல்யாணம், பதினான்கில் விதவை. அப்பா பிடிவாதமாகப் படிக்க வைத்து டாக்டராக்கினார். வெள்ளைப் புடவை, புடவையில் குத்திய ஒரு கடிகாரம், வேறு நகை கிடையாது. பெருக்குகிற ஆளிலிருந்து பிரசவத்துக்கு வந்தவள் வரை எல்லோரையும் 'நீங்க, வாங்கோ' என்றுதான் பேசுவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கடிகாரத்தைத் துடைக்க ஆரம்பிப்பார். அதைப் பார்த்தால் நாங்கள் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

நான் சேர்ந்து எட்டு மாதம் இருக்கும். நொச்சிக்குப்பத்திலிருந்து அஞ்சலை என்ற பெண் பிரசவத்துக்கு வந்தாள். மீன் விற்கிறவள், இருபது வயதுக்குள்தான் இருக்கும். அதற்கு முன்பு ஒரு குழந்தை வீட்டிலேயே பிறந்து மூன்றாம் நாள் தொப்புளில் ரத்தம் கசிந்து இறந்திருந்தது. அந்தப் பயத்தில்தான் இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பையன் பிறந்தான். நல்ல எடை, நல்ல அழுகை. இரண்டு நாள் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குத் தொப்புள் கட்டில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. டாக்டரம்மா தியாகராய நகரில் ஒரு நோயாளியைப் பார்க்க ஜட்காவில் போயிருந்தார். தியாகராய நகர் அப்போதுதான் ஊராகிக்கொண்டிருந்தது, போய்வர அரைநாள் ஆகும். நான் கட்டை அவிழ்த்தேன். தொப்புளின் மேல் கொழகொழவென்று கொஞ்சம் ரத்தம் கட்டியிருந்தது. அதைச் சுத்தமாகத் துடைத்தேன். புதுத் துணி வைத்துக் கட்டினேன். முக்கால் மணி கழித்து மறுபடியும் பொட்டு. மறுபடியும் அவிழ்த்தேன், துடைத்தேன், கட்டினேன். அப்புறம் பொட்டு இன்னும் சீக்கிரம் சீக்கிரமாக வந்தது, ஒவ்வொரு தடவையும் அதையே செய்தேன். மேட்ரன் வந்து பார்த்து, "சுத்தமா வெச்சிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா வந்தபோது குழந்தை வெளுத்துவிட்டது. உதட்டில் நிறமே இல்லை. அவர் கட்டின் மேலேயே கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை. அப்புறம் விரலை எடுத்தார். அழுத்த வேண்டிய அவசியம் முடிந்துபோயிருந்தது.

கட்டிலடியில் இருந்த பீங்கான் வாளியைப் பார்த்தார். உள்ளே கைவிட்டு ஒவ்வொரு துணியாக எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஏழு துணி.

"ஏழு தடவை மாத்தினேளா?"

"ஆமா டாக்டரம்மா. கறை பட்டுது."

அவர் கடிகாரத்தைத் துடைக்கவில்லை. என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். என் விரலில் ஊசியால் குத்தி, தலைமுடி கனத்தில் இருந்த ஒரு கண்ணாடிக் குழாயில் என் ரத்தத்தை ஏற்றினார். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தக் குழாயில் ஒரு துண்டை ஒடிக்கச் சொன்னார். முதலில் ஒடித்தபோது ரத்தம் தண்ணீர் மாதிரி பிரிந்தது. நாலாவது நிமிஷம் ஒடித்தேன், இரண்டு துண்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு சிவப்பு நூல் தொங்கியது.

"இதுதான்," என்றார். "காயம் பட்டா மொதல்ல ரத்தக்குழாய் தன்னைத் தானே சுருக்கிண்டுடும். அப்பறம் ரத்தத்துல இருக்கற பொடிப்பொடித் துகள் எல்லாம் ஓடிவந்து ஓட்டையில ஒட்டிக்கும். அது போறாது. அதனால ரத்தத்துலயே கரைஞ்சு இருக்கற சரக்கு ஒண்ணை ஒண்ணு எழுப்பி, கடைசியில இந்த நூலாயிடறது. நூல் பின்னிண்டு சிவப்பணுவைப் பிடிச்சு வெச்சாத்தான் அடைப்பு. நீங்க துடைச்சேளே, அது அழுக்கு இல்லை. அதுதான் அடைப்பு."

எனக்கு அழுகை வந்தது. டாக்டரம்மா தடுக்கவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு மிச்சத்தைச் சொன்னார். "சில பச்சைக் குழந்தைகளுக்கு மொதல் வாரத்துல ரத்தம் சரியா உறையறதில்லை. ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியலை. இந்தக் குழந்தையும் அப்படித்தான். நீங்க துடைக்காம இருந்திருந்தா பிழைச்சிருக்கும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அது கஷ்டப்பட்டுக் கட்டின கொஞ்சத்தையும் ஏழு தடவை எடுத்துட்டேள்."

இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அவர் சொன்னார். நான் பல வருஷம், என் சௌகரியத்துக்குத் தக்கபடி, முதல் பாதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் குடும்பத்தாரிடம் டாக்டரம்மா, "குழந்தையோட ரத்தத்துக்கு உறையற சக்தி இல்லை" என்று எடுத்துச் சொன்னார். வார்டு வாசலில் நின்றிருந்த அஞ்சலையின் மாமியார் பாக்கியம் அதைக் கேட்டுவிட்டு, டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும் மருமகள் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியா? ரத்தம் கெட்ட ரத்தமாம். உன் வவுத்துல கீற ரத்தம்தானே அதுக்கு. ரெண்ட முழுங்கிட்டே." அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். நான் நாலடி தூரத்தில் வாளியோடு, இன்னும் அழுதுகொண்டே நின்றேன். அவள் ரத்தத்தில் குற்றம் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் ஆரம்பித்தால் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். வாளியைக் கழுவப் போய்விட்டேன்.

அதன் பிறகு நான் நல்ல நர்சானேன், அதைச் சொல்லிக்கொள்ள வெட்கம் இல்லை. அடையாற்றுப் பக்கம் ஒரு வீட்டில் மண்டை உடைந்த குழந்தைக்குக் காப்பிப்பொடியை அப்பிவிட்டு, ஆளுக்கொரு தடவை அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் எல்லோர் கையையும் தட்டிவிட்டு, காப்பிப்பொடியோடு சேர்த்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். நின்றது. காமாலைக்காரருக்கு ரத்தம் லேசில் உறையாது, கத்தி வைக்கும் முன் குழாய் ஒடித்துப் பார்க்க வேண்டும் என்று வெளி டாக்டர்களுக்கே நினைவூட்டுவேன். சிலர் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

நாலு வருஷம் கழித்து அஞ்சலை மறுபடியும் வந்தாள். எட்டு மாதக் கர்ப்பம். வாசலில் நின்று, "அந்த ரோசாலி சிஸ்டர் கீறாங்களா?" என்று என்னைத்தான் கேட்டாளாம். "நீதான் என் கொயந்தைக்காவ அயுத. வேற யாரும் அயுவல. அதான் உன்னாண்ட வந்தேன்" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விஷயத்தையும் அவளே சொன்னாள். இந்தக் குழந்தையும் போனால் அவள் புருஷன் ஏழுமலைக்குக் கோவளத்தில் வேறு பெண் பார்த்து வைத்திருக்கிறார்கள். அப்புறம் இவள் தாய்வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தாய்வீட்டில் யாரும் இல்லை.

மாதம் முடிந்து பெண் குழந்தை பிறந்தது. அப்போதெல்லாம் குப்பத்திலும் சரி, மாடவீதியிலும் சரி, முதல் மூன்று நாள் தாய்ப்பால் கொடுக்கமாட்டார்கள். சீம்பால் ஆகாது என்று பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, துணியைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைப்பார்கள். டாக்டரம்மா வேறு விதமாக நினைத்தார். பால் தாமதமான குழந்தைகளுக்குத்தான் இந்தக் கசிவு அதிகம் வருகிற மாதிரி அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. உடனே பால் கொடுக்கச் சொன்னார். அஞ்சலை தலையாட்டினாள். மாமியார் வந்து உட்கார்ந்ததும் பாலை எங்களுக்குத் தெரியாமல் துணியில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். யாருடைய பேச்சைக் கேட்பாள் பாவம்.

இரண்டாம் நாள் காலை குழந்தை தார் மாதிரி கறுப்பாக மலம் போனது. குழந்தைகள் முதலில் அப்படித்தான் போகும், ஆனால் இது வெறும் கறுப்பில்லை என்று எனக்குப் பட்டது. துணியில் தண்ணீர் விட்டேன். ஓரம் சிவப்பாக விரிந்தது. ரத்தம்தான். பத்து நிமிஷத்தில் தொப்புளிலும் ஆரம்பித்தது. நான் கட்டை அவிழ்க்கவில்லை. துணியோடு சேர்த்துக் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, ஆயாவை டாக்டரம்மாவிடம் ஓடச் சொன்னேன்.

அந்த நாலு வருஷத்தில் டாக்டரம்மா இந்த வியாதியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தார். ஒரே ஒரு வைத்தியம் இருந்தது. பெரியவர் ஒருவரின் ரத்தத்தை எடுத்து, சூடு ஆறுமுன் அப்படியே குழந்தையின் தொடைச் சதையில் ஏற்றுவது. அவர் ஏழுமலையைக் கூப்பிட்டார். நல்ல கறுப்பு, நல்ல உயரம், ஆஸ்பத்திரிக்குள் வந்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத மனுஷன்.

"இன்னாத்துக்கும்மா என் ரத்தம்?" என்றான்.

டாக்டரம்மா அவன் விரல்களைப் பார்த்தார். "நீங்க வலை பின்றேளோல்லியோ? ரத்தத்துக்குள்ளயும் அப்படி ஒரு வலை பின்னிண்டாத்தான் ஓட்டை அடையும். இந்தக் குழந்தைகிட்ட நூல் இருக்கு. முடிச்சுப் போடற கை இல்லை. பெரியவா ரத்தத்துல அந்தக் கை இருக்கு."

ஏழுமலைக்குச் சட்டென்று பிடிபட்டது. "அப்போ ஆள் பத்தலன்னு பக்கத்துக் கட்டுமரத்துலேந்து ஆள் கூப்புடற மாதிரி. எட்துக்கோம்மா" என்று கையை நீட்டினான்.

அந்த ஊசியில் ஒரு வேடிக்கை உண்டு, வேடிக்கை என்று சொல்லக்கூடாதுதான். குழந்தையின் ரத்தம் உறையமாட்டேன் என்கிறது, தகப்பனின் ரத்தமோ ஊசியின் கண்ணாடிக் குழலில் ஏறிய உடனே உறைய ஆரம்பித்துவிடும். மூன்று நிமிஷம்கூடத் தாங்காது. அதனால் கொதிக்க வைத்த குழலை ஈரம் இல்லாமல் உலர்த்தி, உள்ளே பாரபின் எண்ணெய் தடவி, குழந்தையையும் தகப்பனையும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் படுக்க வைக்க வேண்டும். எங்களிடம் அந்த அளவுக் குழல் இரண்டுதான் இருந்தது.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துத் திரும்புவதற்குள் பாக்கியம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து இரண்டு மேஜைக்கும் நடுவில் நின்றுவிட்டாள். "என் புள்ள ரத்தத்த எடுத்து இவ பெத்ததுக்கா? உடமாட்டேன். இவங்கப்பன் ஜொரத்தோட மரம் ஏறிப்போனவன் திரும்பி வரல. ரத்தம் இல்லாம இவனும் கடலுக்குப் போனா யாருமா பதில் சொல்றது?" அவளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரவில்லை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், மிச்சம் இருப்பவனைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் நிமிஷம் போய்க்கொண்டிருந்தது. ஏழுமலை எழுந்து அம்மாவின் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்துவதற்குள் குழலின் தள்ளுதண்டு நகராமல் நின்றுவிட்டது. உள்ளே எல்லாம் இறுகிவிட்டது.

ஏழுமலை திரும்பப் போய்ப் படுத்து இன்னொரு கையை நீட்டினான். "இந்தக் கையிலயும் கீது. எடு" என்றான். இரண்டாவது குழல் கொதித்துத் தயாராக இருந்தது. ஆயாவைத் தொப்புளில் அழுத்தச் சொல்லிவிட்டு, அதை ஈரம் போக உலர்த்தி எண்ணெய் தடவிக் கொடுத்தேன். டாக்டரம்மா எடுத்தார், திரும்பினார், ஒரு தொடையில் பாதி, மறு தொடையில் பாதி. கடிகாரத்தைப் பார்த்து, "ஒண்ணரை நிமிஷம்" என்றார். பிறகு என்னிடம், "ஊசி குத்தின இடமும் கசியும். கையை எடுக்காதீங்கோ" என்றார்.

நான் எடுக்கவில்லை. ஒரு கை தொப்புளில், மறு கை தொடையில், மறு தொடையில் டாக்டரம்மாவின் கை. துணி சிவந்தது. மேட்ரன் வந்து எட்டிப்பார்த்தார், அவர் கண் நேரே கறைக்குத்தான் போனது. நான் நகரவில்லை. பதினோரு மணிக்கு அழுத்த ஆரம்பித்தவள், ஒரு மணிக்குத் துணியின் ஓரம் காய்ந்து விறைப்பதைப் பார்த்தேன். கறை அதற்குமேல் விரியவில்லை. சாயங்காலம் குழந்தை அழுதது. அதை அஞ்சலையின் மார்பில் வைத்தேன், அவள் மாமியாரைப் பார்த்தாள், பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை குடித்தது.

அந்த ரத்தத்தில் இருந்த 'கை' என்ன என்பதை, அதை உண்டாக்க ஒரு வைட்டமின் வேண்டும் என்பதை, அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அதைத்தான் இப்போது நீங்கள் ஒரு துளி ஊசியாகப் போடுகிறீர்கள் பெண்களே. சந்தோஷம்.

பத்தாம் நாள் வீட்டுக்குப் போகிற காலையில் அஞ்சலை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னைக் கேட்டாள். "ஒண்ணு கேக்கறேன் சிஸ்டர், மறைக்காம சொல்லு. என் ரத்தம் கெட்டதுதானா? அந்த ரெண்டும் என்னாலதான் பூட்ச்சா?"

தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. 'இல்லம்மா, உன்மேல் தப்பில்லை' என்று மட்டும் சொன்னால் அது உண்மைதான், அவளும் நம்பியிருப்பாள். என்னால் முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். அது குழந்தைக்கு வருகிற வியாதி, தாயின் ரத்தத்தால் வருவதில்லை. அன்று டாக்டரம்மா இல்லை. நான் ஏழு தடவை துணி மாற்றினேன். அது கட்டியதையெல்லாம் நான் துடைத்தேன். உன் மாமியார் உன்னைச் சொன்னபோது நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு பேசாமல் இருந்தேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"துணி மாத்தினது தெரியாம செஞ்ச," என்றாள் கடைசியில். "நாலு வருசம் சிஸ்டர். ஒரு கண்ணாலத்துக்கு என்னக் கூப்புடல. புள்ளத்தாச்சிங்க என்னக் கண்டா வூட்டுக்குள்ள போய்க் கதவ சாத்திக்குவாங்க. என் வூட்டுலயே எனக்குக் கடசியாதான் சோறு, அதுவும் தனி ஏனத்துல. அது தெரிஞ்சேதானே வுட்ட."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"இப்ப என்னாண்ட சொன்னத எங்க மாமியாராண்ட வந்து சொல்லு. எல்லாரும் இருக்கறப்ப சொல்லு."

அன்று சாயங்காலம் சீருடையோடு நொச்சிக்குப்பத்துக்கு நடந்து போனேன். பாக்கியம் குடிசை வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள். நின்றபடியே சொன்னேன். உங்கள் மருமகளின் ரத்தத்தில் ஒரு குற்றமும் இல்லை, குற்றம் செய்தவள் நான், நாலு வருஷம் மறைத்தவளும் நான் என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வாசற்படியில் நின்ற அஞ்சலையிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"நீ போய் மொதல்ல துன்னு," என்றாள் அவளிடம். "எங்க தட்டுல போட்டுத் துன்னு."

அஞ்சலை உள்ளே போனாள். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. வந்த வழியே மணலில் திரும்பி நடந்தேன்.